ராத்திரி முழுக்கக் குமட்டல், காலையில் எழுந்தால் ஓங்கரிப்பு – என்ன மாத்திரை போடலாம்?

கெலமங்கலம்_பையன் | திங்கள், காலை 5:50

வணக்கம். பத்து நாளாக ராத்திரி 2 மணி, 3 மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது. வயிற்றைப் புரட்டுகிறது, வாயில் எச்சிலாக ஊறுகிறது, ஆனால் வாந்தி வருவதில்லை. காலையில் எழுந்தால் ஓங்கரிப்பு, தலை கனம். மெடிக்கலில் கேட்டு வயிற்று அமிலத்தைக் குறைக்கிற பான்டோப்ரசோல் 40 மாத்திரை ஒரு வாரம் போட்டேன், கேட்கவில்லை. மதியத்துக்குள் தானாகவே சரியாகிவிடுகிறது. என்ன மாத்திரை போடலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கம்பெனி பஸ் வந்துவிடும், சாயங்காலம் வந்து பார்க்கிறேன்.

பாலக்கோட்டு_அக்கா | காலை 6:20

பெயரில் பையன் என்று இருக்கிறது, ஆனால் வீட்டில் வேறு யாருக்காகவும் கேட்கிறீர்களா என்று தெரியவில்லை. பெண் என்றால் முதலில் நாள் தள்ளிப்போயிருக்கிறதா என்று பாருங்கள். மசக்கை காலையில் மட்டும்தான் வரும் என்பது தப்பு. எனக்கு இரண்டாவது பிள்ளைக்கு ராத்திரியில்தான் ஜாஸ்தி. ஆறாவது வாரம் போல ஆரம்பித்து நாலாம் மாதத்தில் அடங்கியது. அப்படி இருந்தால் கடையில் கேட்டு எந்த மாத்திரையும் போடவே கூடாது.

ஆண் என்றால் வயசு சொல்லுங்கள். சர்க்கரை இருக்கிறதா? ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள்?

மாந்தோப்பு_காவேரிப்பட்டணம் | காலை 6:45

இது பித்தம்தான். காலையில் வெறும் வயிற்றில் இஞ்சிச் சாறு ஒரு ஸ்பூன், தேன் கலந்து குடியுங்கள். ராத்திரி சீரகம் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீர். எங்கள் அம்மா காலத்திலிருந்து இதுதான் வைத்தியம்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். தோட்ட வேலை ஏதாவது உண்டா? மா பூவெடுக்கிற நேரம், எல்லோரும் மருந்து அடித்துக்கொண்டிருக்கிறார்கள். போன வருடம் எங்கள் ஆள் ஒருவர் மருந்து அடித்த சட்டையோடு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டார். ராத்திரி வேர்த்துக் கொட்டி, எச்சில் ஒழுகி, வாந்தி. மருந்து தோல் வழியாகவே இறங்கும். அப்படி ஏதாவது என்றால் இஞ்சியெல்லாம் வேண்டாம், நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஓசூர்_மூத்தவர் | காலை 7:30

இந்தக் குழுவில் எட்டு வருடமாக இருக்கிறேன். இதே கேள்வி மாதம் ஒரு முறை வருகிறது. வயசு இல்லை, எடை இல்லை, என்ன சாப்பிட்டார் என்று இல்லை, "என்ன மாத்திரை" என்று மட்டும் கேட்கிறார். கேள்வியை ஒழுங்காகக் கேட்கக் கற்றுக்கொண்டால் பாதிப் பதில் அதிலேயே இருக்கும்.

சரி, வந்ததற்குச் சொல்கிறேன். சாப்பிட்ட உடனே படுப்பதால் அமிலம் மேலே ஏறுகிறது. இரைப்பையின் வாய் நெகிழ்ந்திருந்தால் படுத்தவுடன் எதுக்களிக்கும், ராத்திரி குமட்டும், காலையில் வாய் புளிக்கும். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவில் மூன்று மணி நேரம் விடுங்கள். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து அரை அடி உயர்த்துங்கள். தலையணையை அடுக்கினால் பிரயோஜனமில்லை, வயிறு மடங்கும். இடது பக்கம் ஒருக்களித்துப் படுங்கள். மற்றவர்கள் எழுதியதையெல்லாம் படித்துக் குழம்ப வேண்டாம்.

அரூர்_மருந்தாளுநர் | காலை 9:05

பான்டோப்ரசோலை எப்போது போட்டீர்கள்? சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போட்டால்தான் சரியாக வேலை செய்யும். பலர் சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போகும்போது போட்டுவிட்டுக் கேட்கவில்லை என்கிறார்கள்.

வேறு என்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். இரும்புச்சத்து மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். கிருமிக்குத் தரும் டாக்சிசைக்ளின் போட்டு ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து உடனே படுத்தால் உணவுக்குழாயிலேயே புண்ணாகும். மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக் தொடர்ந்து போட்டால் இரைப்பை புண்ணாகும். பட்டியல் போடுங்கள், பார்க்கலாம்.

சூளகிரி_மகள் | காலை 9:40

அம்மாவுக்கு இதே மாதிரி இருந்தது. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து சர்க்கரை மாத்திரை தருகிறார்கள் (நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்டில் அதைத் தொடங்கினார்கள்). அம்மா மெட்ஃபார்மினைச் சாப்பிடாமலே விழுங்கிக்கொண்டிருந்தார். சாப்பாட்டோடு போட ஆரம்பித்ததும் நின்றுவிட்டது.

சர்க்கரையை இறக்குகிற கிளிமிபிரைடு மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் ராத்திரி குமட்டலோடு வேர்வை, நடுக்கம் வந்தால் அந்த நேரத்திலேயே சர்க்கரையைக் குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வேண்டும். விடியட்டும் என்று இருக்கக் கூடாது.

பென்னாகரம்_நீர் | காலை 10:15

யாருமே தண்ணீரைப் பற்றிக் கேட்கவில்லை. நம் கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் உச்ச அளவு. அதற்கு மேல் குடித்தால் பல் கறுப்பது, முட்டி வளைவது மட்டுமில்லை, வயிற்றுக் கோளாறும் வரும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காகத்தான் வந்தது, 2013இல் திறந்தார்கள். இன்னமும் சில ஊர்களில் குழாயில் தண்ணீர் விடாத நாளில் போர் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது, நீர் சுண்டச் சுண்ட இன்னும் கூடும். என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள்?

கெலமங்கலம்_பையன் | மதியம் 1:10

சாப்பாட்டு இடைவேளையில் எழுதுகிறேன். ஆண், 34 வயது. சர்க்கரை, பிரஷர் எதுவும் இல்லை. வேறு மாத்திரை இல்லை. தோட்ட வேலை இல்லை. குடிப்பது ஒகேனக்கல் தண்ணீர். ராத்திரி ஒன்பதரைக்குக் களி, கீரை. பத்து மணிக்குப் படுத்துவிடுவேன். பான்டோப்ரசோல் படுக்கும்போது போட்டேன், இன்றிலிருந்து மாற்றிப் போடுகிறேன். வெள்ளி, சனி காரிமங்கலத்தில் மாமியார் வீட்டில் இருந்தோம், இரண்டு ராத்திரியும் நன்றாகத் தூங்கினேன். அங்கேயும் களிதான். நேற்று ராத்திரி வீட்டுக்கு வந்தோம், மறுபடியும் அதேதான்.

ஓசூர்_மூத்தவர் | மதியம் 1:25

ஒன்பதரைக்குக் களி, பத்து மணிக்குப் படுக்கை. இதற்கு மேல் என்ன வேண்டும்? களியை மெல்லாமல் உருட்டி விழுங்குகிறோம், இரைப்பையில் அது அப்படியே கிடக்கும். ராத்திரி களியை நிறுத்துங்கள், இட்லி சாப்பிடுங்கள்.

பாலக்கோட்டு_அக்கா | மதியம் 1:50

களியைக் குறை சொல்லாதீர்கள். எங்கள் மாமனார் எண்பது வயது வரைக்கும் ராத்திரி களிதான் சாப்பிட்டார், ஒரு நாள் எதுக்களித்ததில்லை. கேழ்வரகில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து அரிசியில் எங்கே இருக்கிறது? புளித்த மாவு இட்லிதான் நெஞ்செரிச்சல் தரும்.

ஓசூர்_மூத்தவர் | மதியம் 2:05

உங்கள் மாமனார் ஆறு மணிக்குச் சாப்பிட்டிருப்பார், பகலெல்லாம் ஏர் ஓட்டியிருப்பார். இவர் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறார். சத்து வேறு, செரிப்பது வேறு.

மாந்தோப்பு_காவேரிப்பட்டணம் | மதியம் 2:20

களி கெடுதல் இல்லை, கிண்டுகிற முறையில்தான் இருக்கிறது. மாவு வேகாமல் இறக்கினால் கட்டி கட்டியாக நிற்கும், வயிறு பொருமும். தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகு மாவைக் கொட்டி, மூடி வைத்து, அப்புறம்தான் துடுப்புப் போட வேண்டும். இப்போது குக்கரில் கிண்டுகிறார்கள், அதில் பக்குவம் வருவதில்லை.

பாலக்கோட்டு_அக்கா | மதியம் 2:32

குக்கரில் கிண்டினாலும் வேகும். நான் பத்து வருடமாக அப்படித்தான் கிண்டுகிறேன்.

தேன்கனிக்கோட்டை_செவிலியர் | மாலை 4:40

களியை அப்புறம் பார்க்கலாம். தம்பி எழுதியதை இன்னொரு முறை படியுங்கள். மாமியார் வீட்டிலும் களிதான் சாப்பிட்டார், இரண்டு நாளும் ஒன்றும் இல்லை. வேலைக்குப் போனால் மதியத்துக்குள் சரியாகிவிடுகிறது. வீட்டுக்குத் திரும்பின அன்றைக்கே மறுபடி வருகிறது. சாப்பாடு மாறவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது.

தம்பி, உடனே பதில் சொல்லுங்கள்:

அந்த அறையில் உங்களோடு யார் யார் படுக்கிறார்கள்? அவர்களுக்கும் தலைவலியோ குமட்டலோ இருக்கிறதா? குளிருக்கு அறைக்குள் ஏதாவது தணல், கரி, விறகு வைக்கிறீர்களா? ஜன்னல் திறந்திருக்கிறதா? படுக்கையில் புரண்டால் அறை சுற்றுகிற மாதிரி இருக்கிறதா? (அப்படி இருந்தால் அது காதுக்குள் இருக்கிற கோளாறு, அதற்கு வைத்தியம் வேறு.)

கெலமங்கலம்_பையன் | மாலை 6:55

இப்போதுதான் வந்தேன். சுற்றல் இல்லை. நான், மனைவி, நாலு வயசுப் பையன் ஒரே அறையில் படுக்கிறோம். மனைவிக்கும் காலையில் தலைவலி இருக்கிறது, தூக்கம் பத்தாததால் என்று நினைத்தோம். பையன் காலையில் சிணுங்கிக்கொண்டே எழுகிறான், இரண்டு நாள் பாலைக் கக்கிவிட்டான். பனி ஜாஸ்தியாக இருப்பதால் பத்துப் பன்னிரண்டு நாளாக இரும்புச் சட்டியில் கரித் தணல் போட்டு ஓரமாக வைக்கிறோம். நன்றாகக் கனிந்த பிறகுதான் உள்ளே கொண்டு வருவோம், புகையே வராது. ஜன்னல் இடுக்கில் அட்டை வைத்து அடைத்திருக்கிறேன். விரலில் மாட்டுகிற ஆக்சிஜன் மீட்டரில் காலையில் 98 காட்டியது, அதனால் அது காரணமாக இருக்காது.

தேன்கனிக்கோட்டை_செவிலியர் | மாலை 7:02

அதுதான் காரணமாக இருக்கும் போலிருக்கிறது. சட்டியை இப்போதே வெளியே வையுங்கள். அட்டையை எடுத்துவிடுங்கள். இன்று ராத்திரி தணல் வேண்டவே வேண்டாம்.

மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். நிறம் இல்லை, வாசனை இல்லை. புகை இல்லாத செந்தணலிலும் அது வந்துகொண்டேதான் இருக்கும், அணையப் போகிற நேரத்திலும் வரும். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, குமட்டல், அசதி எல்லாம் அதனால்தான். நல்ல காற்றுக்கு வந்தால் நாலைந்து மணி நேரத்தில் பாதி வெளியேறும். உங்களுக்கு மதியம் சரியாவது அதனால்தான்.

விரல் மீட்டரை இதில் நம்பவே கூடாது. கார்பன் மோனாக்சைடு பிடித்த ரத்தத்தையும் ஆக்சிஜன் ஏறிய ரத்தம் என்று எண்ணி 98 காட்டும். ரத்தம் எடுத்துத் தனியாகப் பரிசோதித்தால்தான் தெரியும்.

மூன்று பேரும் இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "மூடிய அறையில் கரித் தணல் வைத்துப் பத்து நாள் படுத்தோம்" என்று அந்த வார்த்தையிலேயே டாக்டரிடம் சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் அவரும் கேஸ் டிரபிள் என்றுதான் நினைப்பார். குழந்தைக்குப் பெரியவர்களைவிட சீக்கிரம் ஏறும். பையன் மந்தமாக இருந்தாலோ, எழுப்பினால் எழாவிட்டாலோ 108ஐக் கூப்பிடுங்கள்.

ஓசூர்_மூத்தவர் | மாலை 7:30

பயமுறுத்தாதீர்கள் அம்மா. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் தலைமுறை தலைமுறையாகக் கணப்பு போட்டுத்தான் படுத்தார்கள். யாரும் சாகவில்லை.

தேன்கனிக்கோட்டை_செவிலியர் | மாலை 7:48

ஐயா, அந்த வீடுகள் ஓட்டு வீடுகள். ஓட்டு இடுக்கிலும் கூரைச் சந்திலும் காற்று போய் வந்துகொண்டே இருக்கும். இவர் படுப்பது கான்கிரீட் தளம் போட்ட அறை, ஜன்னலையும் அடைத்துவிட்டார். யாரும் சாகவில்லை என்றும் சொல்லிவிட முடியாது, தூக்கத்திலேயே போனவர்களுக்கு என்ன காரணம் என்று அப்போது யார் பார்த்தார்கள்? குளிருக்குக் கம்பளி போதும். வெந்நீரை பாட்டிலில் ஊற்றி, துணி சுற்றி, கால்மாட்டில் வையுங்கள்.

அரூர்_மருந்தாளுநர் | இரவு 8:15

செவிலியர் அக்கா சொல்வது சரி. வீட்டில் யார் யாருக்கு என்று நான் கேட்காமல் மாத்திரைப் பட்டியலைக் கேட்டேன். தம்பி, பான்டோப்ரசோலை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒன்று: ரத்த வாந்தி, கறுப்பு மலம், காரணமில்லாமல் எடை குறைவது, நாளுக்கு நாள் கூடுகிற காலைத் தலைவலியோடு வாந்தி, இவற்றில் எது இருந்தாலும் கடையில் மாத்திரை கேட்கவே வேண்டாம். சர்க்கரை உள்ள பெரியவர்களுக்குக் குமட்டலும் வேர்வையுமாக மாரடைப்பே வரலாம், நெஞ்சு வலி இல்லாமலும் வரும்.

பென்னாகரம்_நீர் | இரவு 8:40

அப்படியே இருந்தாலும் தண்ணீரை ஒரு முறை பரிசோதித்துப் பார்ப்பது நல்லது.

பாலக்கோட்டு_அக்கா | செவ்வாய், காலை 7:10

தம்பி, ராத்திரி ஆஸ்பத்திரிக்குப் போனீர்களா? பையன் எப்படி இருக்கிறான்? ஒரு வரி போடுங்கள்.

பாலக்கோட்டு_அக்கா | புதன், மாலை 6:30

பதிலே இல்லையே. யாருக்காவது அந்தத் தம்பியைத் தெரியுமா?

கெலமங்கலம்_பையன் | வியாழன், இரவு 9:20

மன்னிக்கவும். அன்று ராத்திரியே போனோம், மூன்று பேருக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள், மறுநாள் அனுப்பிவிட்டார்கள். இரண்டு ராத்திரியாகக் குமட்டல் இல்லை. பையன் காலையில் சிரித்துக்கொண்டே எழுந்தான். செவிலியர் அக்காவுக்கு நன்றி.

அரூர்_மருந்தாளுநர் | இரவு 9:35

நல்ல செய்தி. ரத்தப் பரிசோதனையில் எவ்வளவு இருந்தது என்று சொன்னார்களா? திரும்ப எப்போது வரச் சொன்னார்கள்?

பேரிகை_ரோஜா | வெள்ளி, இரவு 10:50

இப்போதுதான் இதைப் படித்தேன். அப்பா ரோஜாத் தோட்டத்தில் ராத்திரிக் காவலுக்குப் போகிறார். மோட்டார் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு, கரி அடுப்பைப் பக்கத்தில் வைத்துத்தான் படுப்பார். காலையில் தலைவலி என்று தினமும் மாத்திரை கேட்பார். ஃபோன் அடிக்கிறேன், எடுக்கவில்லை. அண்ணன் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். அங்கே போனதும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

தேன்கனிக்கோட்டை_செவிலியர் | இரவு 10:53

அண்ணனுக்கு உடனே ஃபோன் போட்டுச் சொல்லுங்கள். முதலில் கதவை அகலத் திறக்க வேண்டும். அப்பாவை வெளியே காற்றில் கொண்டு வந்து படுக்க வைக்க வேண்டும். அவன் உள்ளே நிற்கக் கூடாது. அடுப்பை அணைக்கிறேன் என்று நேரம் போக்கக் கூடாது. நீங்கள் இப்போதே 108ஐக் கூப்பிட்டுத் தோட்டம் இருக்கிற இடத்தைச் சொல்லுங்கள். நான் இங்கேயே இருக்கிறேன்.

பேரிகை_ரோஜா | இரவு 11:31

அப்பா ஃபோனை சார்ஜில் போட்டுவிட்டுத் தோட்டத்தைச் சுற்றிவரப் போயிருந்தார். நன்றாக இருக்கிறார். அண்ணன் அடுப்பைத் தூக்கி வெளியே வைத்துவிட்டான்.