குறிக்கோள், செயல், உணர்ச்சி நினைவு: நடிப்புப் பயிற்சி குறித்து உதவி தேவை

நண்பர்களுக்கு வணக்கம். புதிதாக நடிக்க வந்திருக்கும் சிலருடன் சேர்ந்து ஒரு நாடகப் பிரதியைக் காட்சி காட்சியாகப் பகுத்து வாசித்து வருகிறேன். பாத்திரம் எந்தச் சூழலில் நிற்கிறது, அதற்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது என்பனவற்றை அவர்கள் எளிதில் எழுதிவிடுகிறார்கள். ஆனால், அந்தக் குறிக்கோளை அடைய ஒவ்வொரு வரியிலும் எதிரே நிற்பவரிடம் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், "கோபப்படுகிறேன்", "வருந்துகிறேன்" என உணர்ச்சியைத்தான் சொல்கிறார்கள். கெஞ்சுவது, மிரட்டுவது, குற்றவுணர்வைத் தூண்டுவது போன்ற நடிக்கத்தக்க செயலாக அதை மாற்றிக்கொள்ள எந்தப் பயிற்சி உங்களுக்குப் பலனளித்தது?

மற்றொன்றுதான் எனக்குப் பெரிய சிக்கல். முதலில் உணர்ச்சி நினைவுக்கு (நடிகர் தம் சொந்த அனுபவத்தின் உணர்ச்சியை நினைவிலிருந்து மீட்டு நடிப்பில் பயன்படுத்துவது) முக்கியத்துவம் அளித்த ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி, 1930களில் உடல்சார் செயல்களின் பக்கம் நகர்ந்தார். 1934இல் பாரிசில் அவரைச் சந்தித்துத் திரும்பிய அமெரிக்க நடிகை ஸ்டெல்லா ஆட்லர் கற்பனையையும் பிரதி தரும் சூழலையும் முன்னிறுத்த, அமெரிக்க நடிப்புப் பயிற்சியாளர் லீ ஸ்ட்ராஸ்பெர்க் நடிகரின் சொந்த நினைவுகளையே தொடர்ந்து வலியுறுத்தினார். அழும் காட்சிக்காகச் சொந்தத் துயரத்தைக் கிளறுவது தொடக்கநிலையினருக்கு ஏற்றதல்ல என்பது என் எண்ணம் (கண்ணீர் வந்துவிட்டதாலேயே காட்சி அமைந்துவிடுவதில்லை). எனினும், அம்முறையைப் பாதுகாப்பாகக் கையாண்டவர்கள் இங்கிருந்தால், ஒத்திகையின் எந்தக் கட்டத்தில் அதைத் தொடங்கினீர்கள், பயிற்சி முடிந்ததும் நடிகரை அந்த மனநிலையிலிருந்து எவ்வாறு மீட்டீர்கள் என்பதைச் சற்று விரிவாக எழுதுமாறு வேண்டுகிறேன்.