டீசல் எஞ்சின் பிளாக்கில் விரிசல்: பித்தளையா, நிக்கல் ராடா?

வணக்கம். எங்கள் கிணற்றடி 5 குதிரைத்திறன் டீசல் எஞ்சினின் வார்ப்பிரும்பு பிளாக்கில், தண்ணீர் சுற்றும் வெளிச்சுவரில், 7 செ.மீ. நீளத்துக்கு மயிரிழை விரிசல் விழுந்துள்ளது. கொதித்துக்கொண்டிருந்த எஞ்சினில் அவசரப்பட்டுப் பச்சைத் தண்ணீரை ஊற்றியது என் தவறுதான். விரிசல் மேலும் ஓடாதிருக்க இரு முனைகளிலும் 3 மி.மீ. துளையிட்டுள்ளேன். சாதாரண வெல்டிங் ராடால் பற்றவைத்தால், வார்ப்பிரும்பிலுள்ள மிகுதியான கார்பனால் இணைப்பின் ஓரம் கண்ணாடிபோல் கடினமாகி, ஆறும்போது ‘டிக்’கென்று பக்கத்திலேயே மீண்டும் விரிசல் விடுவதை ஒரு பழைய புல்லியில் கண்டேன். ஆகவே, கேஸ் டார்ச்சும் வெங்காரமும் (போராக்ஸ்) கொண்டு பித்தளையால் பிரேசிங் (இரும்பை உருக்காமல், பித்தளையை மட்டும் உருக்கி ஒட்டுவது) செய்ய எண்ணுகிறேன். பல ஆண்டுகளாக ஊறிய எண்ணெயும், வார்ப்பிரும்பிலேயே உள்ள கிராஃபைட்டும் (கார்பன்) பித்தளையை ஒட்டவிடாமல் மணிமணியாக உருட்டுகின்றன. அவற்றை எவ்வாறு நீக்குவது? பிளாக் முழுவதையும் கரியடுப்பில் சூடாக்கிச் சாம்பலில் புதைத்து ஆறவிட வேண்டுமா, அல்லது நிக்கல் ராடால் 2 செ.மீ. வீதம் விட்டுவிட்டு வைத்து, சூடு ஆறுமுன் சுத்தியால் மெல்லத் தட்டினால் போதுமா? செய்து பார்த்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.