ஜெபித்தும் நடக்காத நேரங்கள்: உங்க அனுபவம்?

நெய்தல்மகள்:
ஒக்கி புயல் பத்தித் தெரியாதவங்க இங்க இருக்க மாட்டீங்க. 2017 நவம்பர் 30, அந்திரேயா திருநாள். அண்ணன் ஆழ்கடல்ல. எச்சரிக்கை வர்றதுக்கு முன்னாலயே படகு கரையை விட்டாச்சு. கோயில்ல ராப்பகலா செபமாலை. செபமாலையில வியாழக்கிழமைக்குத் தியானிக்கிறது ஒளியின் மறையுண்மைதான், ஆனா பாட்டிமாரு இயேசுவோட பாடுகளை நினைக்கிற துயர மறையுண்மையை விட்டு நகரல.

அண்ணன் லட்சத்தீவுல கரையேறி வந்துட்டான். அதுக்கப்புறம் வந்த ஞாயிறு பூசையில நன்றி மன்றாட்டு வாசிச்சது நான். "எங்கள் செபத்தைக் கேட்டு இவர்களைக் காத்தீரே"ன்னு எழுதிக் குடுத்திருந்தாங்க. முன் வரிசையில எனக்கு மதினி முறை ஆகிறவ. அவ புருஷன் கடல்லருந்து திரும்பி வரல. எல்லாரும் "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" சொன்னப்ப அவளும் சொன்னா, மத்த குரலையெல்லாம் அமுக்கிக்கிட்டு. அந்தக் குரல் இன்னும் காதுல கிடக்கு. அவ செபமும் அதே கோயில்லதானே நடந்துச்சு?

நெல்லை_ஜெபி:
அக்கா, எங்க வீட்டுலயும் இப்படித்தான். மே 2021, அப்பா ஐசியூவில். சபையே ஃபோனில் உபவாச ஜெபம். ஒரு நர்ஸம்மா ஸ்பீக்கரைப் போட்டு அப்பா காதுகிட்ட பிடிச்சாங்க. இந்த வியாதி மரணத்துக்கு ஏதுவானதல்ல என்று ஒருத்தர் ஜெபித்து முடிக்கவும், அப்பா ஆக்சிஜன் மாஸ்க்கைக் கழட்டிவிட்டு "ஆமென்" என்றார். நர்ஸம்மா சத்தம் போட்டு மாட்டிவிட்டாங்க.

அடுத்த வாரம் அப்பா இல்லை. துக்கத்துக்கு வந்த ஒரு பெரியவர் "வீட்டுல ஏதாவது சாபம் இருக்கா, பாருங்க" என்று சொல்லிவிட்டு காப்பி குடித்தார். யோவான் 9-ல் பிறவிக் குருடனைப் பார்த்து, இது யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்ட அதே கேள்விதான். இயேசு இல்லை என்று சொன்ன பிறகும் இன்னும் கேட்கிறார்கள்.

தேவதாசன்:
எனக்கும் கடை நஷ்டமானது, கர்த்தர் மீட்டார். அது இருக்கட்டும். சகோதரி நெய்தல்மகள், நன்றி சொன்னதில் என்ன உறுத்தல்? சாட்சியை மறைத்தால்தான் குற்றம். ஜெபத்துக்கு ஒழுங்கு வேண்டும். தானியேல் தினம் மூன்று வேளை முழங்காற்படியிட்டான். அதிகாலை 4 மணிக்கு எழும்புங்கள். ஒரு நோட்டுப் போட்டு, கேட்டது ஒரு பக்கம், கிடைத்தது ஒரு பக்கம், தேதியோடு எழுதுங்கள். கிடைக்காததற்கு நேராக 2 கொரிந்தியர் 12 என்று குறித்துக்கொள்ளுங்கள். பவுல் தன்னை வருத்திய வேதனையை முள் என்று சொல்லி, அதை எடுக்கும்படி மூன்று தரம் கேட்டார். முள் போகவில்லை, கிருபை கிடைத்தது. ராத்திரி தூக்கம் வராவிட்டால் சங்கீதம் 91-ஐச் சத்தமாக வாசியுங்கள். எந்தச் சங்கீதமும் கண்ணீரில் ஆரம்பித்தாலும் தோத்திரத்தில்தான் முடியும். தம்பி ஜெபி, அந்தப் பெரியவரை மன்னித்துவிடுங்கள்.

ஓரத்து_பெஞ்ச்:
எந்தச் சங்கீதமுமா ஐயா? 88-ஐ எடுத்துப் பாருங்க. கடைசி வசனம் வரைக்கும் புலம்பல்தான். சிநேகிதனையும் தோழனையும் தூரமாக்கிட்டீர்னு சொல்லி அப்படியே நின்னுபோகுது. வேதத்துல இதுக்கு இடம் இருக்கு, உங்க நோட்டுலதான் பக்கம் இல்ல. பிடிபடறதுக்கு முன்னால கெத்செமனே தோட்டத்துல இயேசு, பாடுகளோட அந்தப் பாத்திரம் நீங்கணும்னு கேட்டாரே, அதை எந்தப் பக்கத்துல எழுதுவீங்க?

என் கதை சின்னது. மனைவிக்குக் குறைமாசத்துல குழந்தை தவறிப்போச்சு. வார்டுல யாரும் ஜெபம் பண்ண வரல. பக்கத்துக் கட்டில் அம்மா மட்டும் வந்து, ஒரு வார்த்தை பேசாம, என் மனைவிக்குத் தலை சீவிப் பின்னல் போட்டுவிட்டாங்க. ஜெபம்னா எனக்கு அதுதான் ஞாபகம் வருது.

தேவதாசன்:
88-ஆம் சங்கீதமும் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்றுதான் ஆரம்பிக்கிறது, கவனித்தீர்களா? விவாதத்துக்காகச் சொல்லவில்லை.

நெல்லை_ஜெபி:
மன்னிக்கிறதெல்லாம் அப்புறம் அண்ணே. நான் அதைக் கேட்கவே இல்லையே. அக்கா, அந்த மதினி இப்போ கோயிலுக்கு வர்றாங்களா?

நெய்தல்மகள்:
வர்றா. காணாமப் போனவங்க குடும்பத்துக்குக் குடுத்த 20 லட்சம் அவளுக்கும் வந்துச்சு. அதுக்கு இறந்துட்டார்னு ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டா, பிள்ளைங்க படிக்கணுமே. ஆனா கல்லறைத் திருநாள் பூசைக்கு இறந்தோர் பேர் எழுதற தாள்ல மட்டும் அவர் பேரை எழுதல. கடலுக்குப் போனவங்களுக்கான மன்றாட்டுலதான் வருஷா வருஷம் குடுக்கிறா. ஃபாதரும் கேள்வி கேக்காம வாசிக்கிறார். தேவதாசன் ஐயா, அது எந்த வசனப்படின்னு தயவுசெஞ்சு இங்க எழுதாதீங்க.