புதுப்பிப்பு: பெரிய ஜிஎஸ்ஸிலிருந்து சிபி500எக்ஸுக்கு மாறிய பிறகு

என் பெரிய மோட்டார் சைக்கிளான பிஎம்டபிள்யூ ஆர் 1250 ஜிஎஸ்ஸைக் கொடுத்துவிட்டு, அதைவிடச் சிறிய ஹோண்டா சிபி500எக்ஸ் எடுக்கலாமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். நெடுஞ்சாலையில் வருத்தப்படுவீர்கள் என்று பலர் சொன்னீர்கள். எடுத்துவிட்டேன், வருத்தமில்லை.

ஜிஎஸ்ஸின் எடை 249 கிலோ எங்கே, இதன் 199 எங்கே! ஓடும்போது இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. நிறுத்தித் திருப்பும்போதுதான் தெரியும். டுரியான் பழப் பருவத்தில் பினாங்குத் தீவின் பாலேக் பூலாவ் பக்கம் சரளைக் கல் சரிவில், கார்களுக்கு நடுவே பெரிய வண்டியைப் பின்னால் தள்ளியவர்களுக்கு நான் சொல்வது புரியும். இருக்கையும் சற்றுத் தாழ்வு என்பதால் என் கால் தரையில் நன்றாகப் பதிகிறது. தெலுக் பாஹாங்கிலிருந்து ஏறும் வளைவுகளில் இப்போது பயமில்லாமல் ஓட்டுகிறேன். எனக்கு இது ஒன்றே போதும்.

மனைவியோடு நீண்ட பயணம் எப்படி என்று ஒரு அண்ணன் கேட்டிருந்தார். வட மலேசியாவில் கிரிக்கிலிருந்து ஜெலி போகும் மலைச்சாலையில் இருவரும் பைகளோடு போனோம். லாரியை முந்த கியரைக் குறைத்தே ஆக வேண்டும். 136 குதிரைத்திறன் 47 ஆகிவிட்டதே! மற்றபடி அதிவேக நெடுஞ்சாலையின் 110 கி.மீ. வேக வரம்புக்குள் தாராளம். பினாங்குப் பாலத்தில் மட்டும் பக்கக்காற்று முன்பைவிட அதிகமாகத் தள்ளுகிறது.

அப்புறம், சங்கிலி. ஜிஎஸ்ஸில் சங்கிலிக்குப் பதில் பின்சக்கரத்தைச் சுழற்றுவது ஷாஃப்ட் என்ற தண்டு என்பதால் இந்தப் பராமரிப்பு வேலையே இல்லை. இங்கே பெய்யும் மழைக்கு அடிக்கடி துடைத்து எண்ணெய் போடுங்கள், சோம்பல் வேண்டாம்.