டயர் காற்று விளக்கு திரும்பத் திரும்ப எரிகிறது, பஞ்சர் இல்லை என்கிறார்கள்: உதவி தேவை

குளச்சல் கரை:
வணக்கம். வீடு குளச்சலில், கடலிலிருந்து கூப்பிடு தூரம். கார் வாங்கி ஐந்து வருஷம் ஆகிறது. மீட்டரில் லாட வடிவத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட மஞ்சள் விளக்கு அடிக்கடி எரிகிறது. நாலு டயருக்கும் காற்றழுத்தம் 33 பி.எஸ்.ஐ. அடித்து, ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் பட்டனை அழுத்தி ரீசெட் செய்தால் அணையும். சில நாளில் மறுபடியும் எரியும். எந்த டயர் என்றும் காட்டாது, எத்தனை பி.எஸ்.ஐ. என்றும் காட்டாது. பஞ்சர் கடையில் வண்டியில் வைத்தே டயரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஆணி இல்லை என்றார்கள். சர்வீஸுக்கு விட்ட இடத்தில், உப்புக் காற்றில் சென்சார் போயிருக்கும், நாலையும் மாற்றணும் என்கிறார்கள். மனைவிக்குத் திருநெல்வேலியில் வேலை. ஆரல்வாய்மொழி தாண்டி நாலு வழிச் சாலையில் தனியாக ஓட்டிப் போகிறாள். விளக்கு எரியும்போது நம்பி அனுப்பலாமா?

குலசேகரம் எஸ்டேட்:
எனக்கும் இதே தொல்லைதான். மழைக்காலத்தில் விடியற்காலை வண்டி எடுத்தால் எரியும், கொஞ்ச தூரம் ஓடினதும் தானே அணையும். பார்த்துப் பார்த்து வெறுத்துப்போய் மேலே டேப் ஒட்டிவிட்டேன்.

மார்த்தாண்டம் டயர்:
குளச்சல் தம்பி, ஒரு விஷயம் சொல்லுங்கள். சாவி போட்டதும் ஒரு நிமிஷம்போல மினுக்கிவிட்டு அப்புறம் நிலையாக எரிகிறதா, எடுத்ததுமே நிலையாக எரிகிறதா?

குளச்சல் கரை:
மினுக்கவே இல்லை அண்ணா. ஓடிக்கொண்டிருக்கும்போது எரிய ஆரம்பிக்கும், பிறகு அப்படியே நிற்கும்.

மார்த்தாண்டம் டயர்:
அப்படியானால் சிஸ்டம் சரியாகத்தான் வேலை செய்கிறது. கோளாறு அதிலேயே இருந்தால் பெரும்பாலான வண்டிகளில் முதலில் மினுக்கும். இன்னொன்று, எண் காட்டாமல் ரீசெட் பட்டன் மட்டும் இருக்கிறது என்றால் உங்கள் சக்கரத்துக்குள் காற்று சென்சார் இருக்கவே வாய்ப்பு குறைவு. இல்லாததை எப்படி நாலாக மாற்றுவார்கள்? பணம் கொடுப்பதற்கு முன் வண்டியோடு வந்த புத்தகத்தைப் பாருங்கள்.

இந்த வகை, ஏ.பி.எஸ். பிரேக்குக்காக (சக்கரம் பூட்டாமல் தடுக்கும் பிரேக்) இருக்கும், சக்கரம் சுற்றும் வேகத்தைப் பார்க்கும் சென்சாரை வைத்தே கணக்குப் போடும். காற்று குறைந்த டயர் அமுங்கி, மற்ற மூன்றைவிடக் கொஞ்சம் வேகமாகச் சுற்றும். அந்த வித்தியாசத்தைப் பார்த்துத்தான் விளக்கு. நாலிலும் ஒரேபோல மெல்லக் குறைந்தால் இதற்குப் பிடிபடாமல் போகலாம். குறைவான காற்றோடு ரீசெட் அழுத்தினால் அதையே சரியான அளவு என்று எடுத்துக்கொள்ளும்.

காற்று அளக்கும் ஒரு நல்ல கேஜ் வாங்குங்கள். காலையில் வண்டியை எடுக்கும் முன், வெயில் படும் முன், நாலு டயரையும் பார்த்து எழுதி வையுங்கள். ஓடிச் சூடான டயரில் மூன்று நாலு பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும், அந்தக் கணக்கு உதவாது. டிரைவர் கதவை ஒட்டிய ஸ்டிக்கரில் இருப்பதுதான் உங்கள் வண்டிக்கான அளவு. டயர் பக்கவாட்டில் அச்சடித்திருப்பது அதிகபட்ச எல்லை, அதை அடிக்கக் கூடாது. சில நாள் கழித்து மறுபடி பாருங்கள். ஒரு டயர் மட்டும் இறங்கியிருந்தால் அந்த வீலைக் கழற்றி, உள்பக்க ரிம் ஓரத்திலும் வால்வு அடியிலும் சோப்புத் தண்ணீர் விடுங்கள். வண்டியில் மாட்டியிருக்கும்போது அந்த இடம் கண்ணில் படாது. அதுவரை காலையில் கேஜ் வைத்துப் பார்த்த பிறகே வண்டியை அனுப்புங்கள்.

எஸ்டேட் அண்ணாச்சி, உங்களுக்கு எண் காட்டுகிறதா? காட்டினால் அது உள்ளே சென்சார் வைத்த வகை. 10 டிகிரி குளிர்ந்தால் சுமார் 2 பி.எஸ்.ஐ. குறையும். காற்று ஏற்கெனவே விளிம்பில் நிற்கிறது, அதனால்தான் விடியற்காலையில் எரிகிறது. குளிர்ந்த டயரில் ஸ்டிக்கர் அளவு அடித்தால் போதும். தயவுசெய்து டேப்பை எடுத்துவிடுங்கள். அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் டயர்களின் மேல்பட்டை பிரிந்து ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகள் உருண்டு உயிர்கள் போன பிறகு, 2000-ல் வந்த சட்டத்தால்தான் இந்த விளக்கு அங்கே கட்டாயமானது. அந்த விதிப்படி 25 சதவீதம் குறைந்தால் எரிந்தாக வேண்டும். 33 பி.எஸ்.ஐ. அடிக்கும் டயரில் அது கிட்டத்தட்ட 25 பி.எஸ்.ஐ. அதாவது விளக்கு வரும் நேரத்தில் டயர் ரொம்பவே இளகிவிட்டிருக்கலாம். அதையும் மறைத்தால் எப்படி?

குலசேகரம் எஸ்டேட்:
எண் காட்டும். சரி, இன்றைக்கே எடுத்துவிடுகிறேன்.

நாகர்கோவில் வடசேரி:
வெளியே வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகும் சென்சார் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எண் தெளிவாகக் காட்டும், நல்லதுதான். ஆனால் ஒவ்வொரு தடவை காற்று அடிக்கவும் கழற்ற வேண்டும். கடலோரத்தில் ஓடும் வண்டியில் பச்சைக் களிம்பு பிடித்து இறுகிவிடும். என் தம்பி வண்டியில் பிளையர் போட்டுத் திருக, வால்வே முறிந்து வந்தது. மாட்டினால் மாதம் ஒரு தடவையாவது கழற்றித் துடையுங்கள்.

குளச்சல் கரை:
அண்ணா, கண்டுபிடித்தாச்சு! காலையில் பார்த்தபோது 32, 32.5, 32, இடது பின் டயர் மட்டும் 26. வீலைக் கழற்றிச் சோப்புத் தண்ணீர் விட்டதும், உள்பக்க ரிம் ஓரத்தில் விரல் நீளத்துக்குப் பொடிப்பொடியாக நுரை கட்டியது. டயரைப் பிரித்தால் அலாய் ரிம்மில் அந்த இடத்தில் வெள்ளையாகப் பூத்துச் சொரசொரவென்று இருந்தது. தேய்த்துச் சுத்தம் பண்ணி, சீலர் தடவி மாட்டினார்கள், பேலன்சிங்கும் பார்த்தாச்சு. புத்தகத்திலும் நீங்கள் சொன்னபடிதான், சக்கரத்துக்குள் சென்சாரே கிடையாது. ரொம்ப நன்றி அண்ணா. மற்ற மூன்று ரிம்களையும் இப்போதே கழற்றிப் பார்க்கணுமா?

மார்த்தாண்டம் டயர்:
அவசரமில்லை. அடுத்து டயர் மாற்றும்போது பார்த்தால் போதும். அதுவரை மாதம் இருமுறை கேஜ் வையுங்கள், ஸ்டெப்னியையும் சேர்த்து. அதை இந்த விளக்கு கணக்கிலேயே எடுக்காது.