புதுப்பிப்பு: பாம்பன் தோட்டாப் பெட்டியின் வயது ஓரளவு பிடிபட்டது

தாத்தா வீட்டுப் பரணில் கிடைத்த 12 போர் (bore, குழல் அளவு) வேட்டைத் துப்பாக்கித் தோட்டா அட்டைப்பெட்டி எந்தக் காலத்தது என்று போன வாரம் கேட்டிருந்தேன். முதல் உலகப்போர்க் காலம் என்று பலர் சொன்னீர்கள், நானும் நம்பிவிட்டேன்.

நேற்று, உப்புக்காற்றில் பழுத்துப்போன லேபிளை விளக்கடியில் சாய்த்துப் பார்த்தேன். ஈலி-கைனாக் என்ற தோட்டா பிராண்டின் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் ஐ.சி.ஐ. (இம்பீரியல் கெமிக்கல் இண்டஸ்ட்ரீஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனி) என்று இருக்கிறது. அந்தக் கம்பெனி உருவானதே 1926 டிசம்பரில்தான். 1914 கதை அதோடு முடிந்தது.

அடிப்பக்கத்தில் கடைக்காரர் பென்சிலால் எழுதிய விலை ரூபாய், அணாவில் இருக்கிறது. அணாவுக்குப் பதிலாக நயா பைசா வந்தது 1957 ஏப்ரலில். அதற்கப்புறமும் ஜனங்கள் அணாக் கணக்கை உடனே விட்டுவிடவில்லை, அதனால் ரொம்பக் கறாராகச் சொல்ல முடியாது. 1927 முதல் ஐம்பதுகளின் கடைசி வரை என்று வைத்துக்கொள்கிறேன். "தனுஷ்கோடி புயலுக்கு முன்னாடியே உங்க தாத்தா அதுலதான் தூண்டில் முள்ளு போட்டு வச்சிருந்தாரு" என்கிறார் அப்பத்தா. 1964-க்கு முன் என்பது பொருந்துகிறது.

பெட்டி காலிதான், பயப்பட வேண்டாம். கிழிசலுக்கு டேப் ஒட்டச் சொன்ன அண்ணன் மன்னிக்கவும், ஒட்டவில்லை.