படம் பார்த்துக் கதை எழுதினாக்கள் ஒருக்கா வாங்கோ (அனுபவப் பகிர்வு)

மூன்றாம்மாடி:
வெள்ளவத்தையில ஒரு செத்தவீட்டுக்குப் போனன். ஆக்களை அவ்வளவாத் தெரியாது, அம்மாவுக்காகப் போனது. ஹோலில மாலை போட்டு வச்சிருந்த படத்தைப் பார்த்திட்டு அப்பிடியே நிண்டிட்டன். அந்த ஐயா போட்டிருந்தது எங்கட அப்பாட கோட்டு. அப்பாட்ட ஒரு நாளும் கோட்டு இருந்ததில்லை எண்டதுதான் விசயம்.

ஸ்டூடியோக் கோட்டு. அந்தக் காலத்தில பாஸ்போட்டுக்குப் படம் எடுத்தாக்களுக்குத் தெரியும்தானே. ஆணியில தொங்கும், ஆர் வந்தாலும் அதுதான். முன்னுக்குப் பார்த்தா துரை, பின்னுக்கு உடுப்புக் கிளிப் போட்டு இறுக்கியிருக்கும். இடப்பக்கக் கொலரில ஒரு தையல், வேற நிற நூல். கறுப்பு வெள்ளைப் படத்திலயும் வெளிறித் தெரியும். அப்பாட படத்தில அதை ஊத்தை எண்டு நினைச்சுச் சின்ன வயசில நகத்தால சுரண்டியிருக்கிறன்.

அந்த ஐயா வெளிநாடு போய் வந்தவராம். அப்பா போகேல்லை. ஏன் போகேல்லை எண்டு எங்கட வீட்டில ஒருத்தரும் வாய் திறக்கமாட்டினம். அண்டைக்கு இரவே எழுதத் தொடங்கினன். இப்ப கதையில நடுவில நிக்கிறது அப்பா இல்லை, ஸ்டூடியோக்காரர். பின்னுக்கிருந்த கிளிப்பைப் பார்த்த ஒரே ஆள் அவர்தானே.

மழைக்காகம்:
எனக்கு நடந்தது பார்ன்ஸ் பிளேஸ், சபுமால் பவுண்டேசனில. ஓவியர் ஹரி பீரிஸ் இருந்த வீடு, 43 குழு எண்ட ஓவியர் கூட்டத்தின்ர படங்கள் சுவர் முழுக்க. ஐவன் பீரிஸின்ர படங்களுக்கு முன்னால மாட்டுப்பட்டன். கரை, மரம், ஒண்டிரண்டு ஆக்கள், ஒருத்தரை ஒருத்தர் பார்க்கமாட்டினம். தெஹிவளைப் பக்கம் வளர்ந்த மனிசன், கரையில குந்தியிருந்து கீறியிருக்கிறார் எண்டுதான் நினைச்சன். கூட வந்த அக்கா சொன்னா, அவர் 1953இல லண்டனுக்குப் போய், பிறகு சவுத்எண்டில இருந்து, 1988இல அங்கேயே செத்தவர் எண்டு. அந்தக் கரையை அவர் கனகாலமா மனசில இருந்துதான் கீறியிருக்கிறார்.

நான் அப்ப பருத்தித்துறையை வச்சு ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தன், கொழும்பில இருந்து. ஒவ்வொரு ஒழுங்கையையும் கூகுள் மேப்பில சரிபார்த்து. வீட்டை வந்து அதை மூடினன். அம்மாவிட்ட ஒரு ஏ4 தாளைக் குடுத்து எங்கட பழைய வீட்டைக் கீறச் சொன்னன். இடம்பெயர்ந்த ஆக்களிட்ட இழந்த வீட்டின்ர பிளானைக் கீறச் சொல்லி ஓவியர் சனாதனன் செய்த வேலையைத் தெரிஞ்சாக்களுக்கு இது எங்கயிருந்து வந்த யோசனை எண்டு விளங்கும். அம்மா கிணத்தடியைச் சாமி அறையிலும் பெரிசாக் கீறினா. குசினிக்குக் கதவே வைக்கேல்லை. கேட்டா, "அதை ஆர் பூட்டினது?" எண்டிட்டு பேனையைத் திருப்பித் தந்திட்டா. என்ர முதலாம் அத்தியாயம் அந்தக் கதவில்லாத குசினிதான்.

சுண்ணாம்பு:
மூன்றாம்மாடி கோவிக்கக் கூடாது, ஸ்டூடியோப் படம் சொந்த ஞாபகம். கலை தாற தூண்டுதல் வேற. நான் பொரளை கோதமி விகாரைக்கு ஒரு சிங்கள நண்பரோட போனன். ஜோர்ஜ் கீற் 1939, 40இல வரைஞ்ச சுவர், புத்தரின்ர வாழ்க்கை. அந்தக் கோடு சுவரை விட்டு எழும்பாமல் ஒரு ஆளில இருந்து மற்ற ஆளுக்கு ஓடுது. ஒரே மனிசர் ஒரு இடத்தில இளவரசன், கொஞ்சம் தள்ளித் துறவி, ஒரே பார்வைக்குள்ள ரெண்டும் நிக்குது. காலத்தைக் கதையில எப்பிடி மடிக்கிறது எண்டு எனக்கு அங்கதான் பிடிபட்டது.

புதுசா எழுதிறாக்களுக்குச் சில விசயம் சொல்லவேணும். படத்துக்குப் பக்கத்தில இருக்கிற விளக்கத்தை முதலில வாசிக்காதேங்கோ, வாசிச்சா உங்கட கதை அதோட முடிஞ்சுது. முகத்தைப் பார்க்காமல் கையைப் பாருங்கோ, முகம் பொய் சொல்லும். வெளிச்சம் எந்தப் பக்கத்தால வருது எண்டு பாருங்கோ, உங்கட காட்சியில யன்னல் அங்கதான் இருக்கவேணும். ஃபோனில படம் பிடிக்காதேங்கோ. பிடிச்சா மறந்துபோவியள், மறக்காத துண்டுதான் கதைக்கு வேணும். "ஓவியம் போல் நின்றாள்" எண்டு தயவுசெய்து ஒருத்தரும் எழுதாதேங்கோ. சட்டகத்துக்கு வெளியால என்ன நிக்குது எண்டு கேளுங்கோ. காசு இல்லையெண்டா கிறீன் பாத்துக்குப் போங்கோ, 1993இல இருந்து கலாபொல எண்ட தெருவோர ஓவியச் சந்தை அங்கதான் போடுறாங்கள், சனவரி பெப்ரவரி பக்கம் கவனிச்சா ஓவியரோடயே கதைக்கலாம். ஆனா "இது என்ன அர்த்தம்" எண்டு மட்டும் கேக்காதேங்கோ. கறுப்பு வெள்ளை கதைக்கு நல்லது, கலர் கவிதைக்கு. இதில இன்னும் சொல்லலாம்...

பாணும் பருப்பும்:
சுண்ணாம்பு அண்ணை, ஒருத்தரும் கேக்கேல்லையே. கதை எங்க? சுவரைப் பார்த்தனீங்கள், பிறகு எழுதினீங்களோ இல்லையோ?

தெமட்டகொடை நானா:
சட்டகத்துக்கு வெளிய என்ன இருக்குன்னு கேட்டீங்க. கூலி இருக்கு. நான் சொல்றேன்.

ஃபோட்டோக்காரர் லயனல் வென்ட்ட படங்கள். கில்போர்ட் கிரசன்ட்ல அவர்ட வீடு இருந்த இடத்துலதான் இப்ப அவர்ட பேர்ல உள்ள நாடக அரங்கு இருக்கு. பியானோக்காரர், வழக்கறிஞருக்குப் படிச்சவர், 1944ல 44 வயசுல மௌத்து. நெகட்டிவ் எல்லாம் அழிச்சிட்டாங்களாம். டார்க்ரூம்ல கழுவுற நேரம் வெளிச்சத்தக் காட்டி ஓரமெல்லாம் கோடு கீறின மாதிரி எடுப்பார். கெட்டிக்காரர்தான், அதுல எனக்குப் பேச்சில்ல.

ஒரு படத்துல வேலையாள் ஒருத்தன்ட முதுகு. பக்கத்துல நின்ட ஒரு பொம்புள, "என்ன அழகா வெளிச்சம் விழுந்திருக்கு"ன்னா. எனக்கு மூக்குல சித்தாலேப தைலம் மணத்திச்சு. வாப்பா துறைமுகத்துல மூட்டை தூக்கினவர். ராவைக்கு நான்தான் தேய்ச்சு விடுவேன். அந்த முதுகுல எந்த எலும்புக்குக் கீழ அமத்தினா "ஆ"ம்பார்னு எனக்குத் தெரியும். படத்துல அந்த இடம் சும்மா மினுங்குது.

அந்த ஆளப் பத்தித்தான் ஒரு கதை எழுதிட்டு ஈக்கேன். பெயர் வைக்க ஏலாம நிக்குது. படம் எடுத்தவர் பெயர் உலகத்துக்கே தெரியும், முதுகுக்காரன்ட பெயர் ஒருத்தருக்கும் தெரியா. நானா ஒரு பெயர வச்சா அதுவும் அவன்ட இல்லயே.

சுண்ணாம்பு:
பாணும் பருப்பும், எழுதினன். மூண்டு பத்திரிகை திருப்பி அனுப்பிச்சுது, அது வேற கதை. நானா, பெயர் வைக்கிறது எழுத்தாளன்ர உரிமை. வென்ட் ஒளியால செய்ததை நீங்கள் சொல்லால செய்யிறியள், இதில என்ன குற்றவுணர்ச்சி?

தெமட்டகொடை நானா:
அதத்தான் செய்யப் பயமா ஈக்கி தம்பி. அவரும் அழகாத்தான் செஞ்சார்.